ஸ்ட்ராட்டா, அடுக்கு, படுகை, படிவு: நம் மலைப் பாறைக்கு எந்தச் சொல்?

அக்டோபர் 6, குன்னூர் வாசகி கேட்டது

பர்லியார் தாண்டி மேலே ஏறும்போது ரோட்டுக்காக வெட்டின பாறையில் வரிவரியாகக் கோடு தெரிகிறது. பையன் பள்ளிப் புத்தகத்தில் "பாறை அடுக்குகள்" என்று ஒரு படம் இருக்கிறது. அதுதானா இது என்று கேட்கிறான். எங்கள் வீட்டு வேலைக்கு வந்த எஞ்சினியர் ஸ்ட்ராட்டா என்கிறார், அகராதியில் தேடினால் படுகை என்று வருகிறது. பையனுக்கு எதைச் சொல்ல?

அக்டோபர் 6, இரவு 9.50

அடுக்குதான். குழம்ப இதில் ஒன்றுமில்லை. கோத்தகிரிப் பக்கம் 22 வருஷமாகத் தடுப்புச் சுவர் கட்டுகிறேன். அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணின் நிறம் மாறினால் "ஸ்ட்ராட்டா மாறுது" என்போம். உடனே மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுப்பார். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் அவ்வளவுதான் வேலை.

அக்டோபர் 7, காலை 6.15

நேற்று எழுதியதில் பாதி தப்பு.

புத்தகத்துப் படத்தில் இருப்பது படிவுப் பாறை. மணலும் சேறும் தண்ணீருக்கு அடியில் படிந்து, அதன்மேல் இன்னொன்று படிந்து, கனம் தாங்காமல் இறுகிக் கல்லானது. அங்கே ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம். புரட்டிப் போடாத வரைக்கும் கீழே கிடப்பதுதான் மூத்தது. 1669லேயே ஸ்டெனோ என்கிற டென்மார்க் மருத்துவர் இதை விதியாக எழுதி வைத்துவிட்டார். நம் வீட்டு அடுக்குப்பானைக்கும் அதே விதிதான். அடிப்பானையை வைக்காமல் மேல்பானையை வைக்க முடியாது.

நீலகிரிக் கோடுகளிடம் இந்த விதியைக் கொண்டுபோனால் செல்லாது. இது சார்னோகைட். நிலத்துக்கு அடியில் வெகு ஆழத்தில், சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த கல். அந்த நெருக்கலில் வெளிறிய தாதுக்கள் ஒரு பக்கமும் கறுத்தவை ஒரு பக்கமும் ஒதுங்கிக் கோடு விழுந்திருக்கிறது. வெள்ளைக் கோடு முந்தியதா, கருப்புக் கோடு முந்தியதா என்று கேட்டால் பதிலே கிடையாது. புலியிடம் எந்த வரி மூத்தது என்று கேட்பது போல.

பையனிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், சொல்லாதீர்கள்.

அக்டோபர் 7, பகல்

சொல்லிவிட்டாராம்.

அக்டோபர் 7, இரவு

"சார்னோகைட் யார் பெயர்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கல்கத்தாவில் கம்பெனி வியாபாரம் நடத்திய ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகை. அந்தக் கல் போனது சென்னைப் பக்கத்திலிருந்து. பல்லாவரம், பரங்கிமலையில் கிடக்கும் அதே இனம். 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறையை வைத்துப் பெயர் சூட்டினார். பல்லாவரத்துக் கல் கல்கத்தா போய்ப் பெயர் வாங்கி வந்து, அந்தப் பெயர் இப்போது தொட்டபெட்டா உச்சி வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடையாளம் தெரிய வேண்டுமானால் புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள். கருப்பில் பச்சை கலந்து, எண்ணெய் தடவியது போல் இருக்கும். வெயில் மழை பட்ட வெளித்தோல் மட்டும் பழுப்பு.

அக்டோபர் 9

படுகை வேண்டாம். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தேன். அவர்கள் ஊரில் படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் வாழையும் மூங்கிலும் நிற்கிற நிலம். ஆறு ஓடும் தரையையும் படுகை என்கிறோம். ஆறும் கிளையும் சேர்ந்து நீர் வாங்குகிற பரப்பு முழுவதும் காவிரிப் படுகை. எண்ணெய் எடுக்கிறவர்கள் பேசும் காவிரிப் படுகையோ கடலுக்குள்ளும் போகிறது. இத்தனை பேர் படுத்திருக்கிற பாயில் பாறைக்கும் இடம் கேட்பது நியாயமில்லை.

ஆனால் வேர்ச்சொல்லில் விஷயம் இருக்கிறது. படு, படி. தண்ணீரில் கலந்தது மெல்ல இறங்கித் தங்கினால் படிகிறது. அதனால் படிவு. "படிந்ததா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால், இங்கே முக்கால்வாசிப் பாறை அடுக்கு என்ற பெயரை இழந்துவிடும்.

இன்னொன்று. ஸ்ட்ராட்டம் ஒருமை, ஸ்ட்ராட்டா பன்மை. லத்தீனில் விரித்துப் போட்டது என்று பொருள், கல் பாவிய சாலைக்கும் அதுதான் பெயர். தெருவை ஸ்ட்ரீட் என்கிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். ஆக நானும் மேஸ்திரியும் 22 வருஷமாக "ரெண்டு ஸ்ட்ராட்டாக்கள்" என்று சொல்லி வந்தது "மாடுகள்கள்" என்பதற்குச் சமம்.

அக்டோபர் 10, இரவு

பஸ்ஸில் வரும்போது தோன்றியது. பள்ளியில் அடுக்குத்தொடர், இரட்டைக்கிளவி படித்தோம். "பாம்பு பாம்பு" என்பதைப் பிரித்தால் ஒவ்வொரு பாம்புக்கும் பொருள் உண்டு. "சலசல"வைப் பிரித்தால் சல என்று ஒன்றுமே இல்லை. படிவுப் பாறை அடுக்குத்தொடர். ஒரு அடுக்கைத் தனியே எடுத்தாலும் இது ஆற்று மணல், இது கடல் சேறு என்று அது தன் கதையைச் சொல்லும். நம் மலைக்கல் இரட்டைக்கிளவி. கோட்டைத் தனியே எடுத்தால் கதை கிடையாது, சேர்ந்தே பிறந்து சேர்ந்தே ஒலிக்கும்.

அக்டோபர் 11

திண்டுக்கல் தமிழாசிரியர் வந்து நொறுக்கிவிட்டார். அடுக்குத்தொடரில் ஒரே சொல்தான் திரும்ப வரும், பாறை அடுக்கிலோ மணற்கல், சுண்ணாம்புக்கல் என்று மாறி மாறி வருமே என்கிறார். சரிங்க ஐயா, உவமைக்கு ஒரு கால் நொண்டி. இருந்தாலும் விடமாட்டேன், இன்னொரு காலில் நிற்கிறது.

அப்படியானால் கோட்டுக்கு என்ன பெயர்? வரி என்பது என் கட்சி. வரிப்புலி, வரிக்குதிரை, வரிப்பாறை. "வரி என்றால் கட்டச் சொல்வார்கள்" என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். பாறையைப் பற்றிப் பேசும்போது யார் அப்படி எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்?

அக்டோபர் 13

"சொல்லுக்காக ஏன் இத்தனை சண்டை, வேலையைப் பாருங்க" என்று ஒரு பதிவு. வேலையால்தான் சண்டை. சொல்கிறேன்.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்), தேயிலைச் சரிவை வெட்டி வீடு கட்டினார்கள். வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் என் பொறுப்பு. தோண்டினோம். மேலே ஓரடி கருமண். பிறகு செம்மண். நாலடிக்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு மண், அதில் கோடு கோடாக. ஏழடியில் கடப்பாரை "டங்" என்றது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பாறை வந்துடுச்சுங்க, மண் அடுக்கெல்லாம் முடிஞ்சது, இனி பயமில்லை" என்றேன். வாழைப்பழமும் டீயும் வாங்கித் தந்தார்.

அந்த நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் சுவர் நடுவில் ஏழு மாதக் கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளி நிற்கிறது. பிரித்துத் தோண்டினோம். நான் பாறை என்று நம்பியது ஒரு உருண்டை, ஆம்னி வேன் அளவு. அதற்குக் கீழே மறுபடியும் அதே மஞ்சள் மண், கையை விட்டால் முழங்கை வரை இறங்குகிறது.

இந்தக் கல் அப்படித்தான் மக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, நாலு பக்கமும் தின்னும். முனைகள் முதலில் கரையும், நடுவில் உருண்டையாக ஒன்று மிஞ்சும். மண்ணுக்குள் பொரிவிளங்காய் உருண்டை போட்டு வைத்த மாதிரி அங்கங்கே. அடுக்கு என்ற சொல் என்னை நம்பவைத்தது இதைத்தான்: ஒன்று முடிந்தால் அடுத்தது தொடங்கும், தொடங்கினால் நெடுகப் போகும். இந்த மண்ணில் எதுவும் நெடுகப் போவதில்லை.

1,80,000 ரூபாய், என் கையிலிருந்து. சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகளுக்குப் பின்னால் ஜல்லி போடாமல் விட்டது தனிக் குற்றம், அதற்குச் சொல்லின் மேல் பழி போட முடியாது.

அக்டோபர் 14

நேற்றைய பதிவில் "மஞ்சள் மண்ணில் கோடு கோடாக" என்று எழுதிவிட்டுப் பேசாமல் போய்விட்டேன். அதுதான் முக்கியம்.

இன்று வேறொரு வேலையில் புது வெட்டு ஒன்று கிடைத்தது. பாக்கெட் கத்தியால் சீவிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வருகிறது, ஆனால் கோடு அழியவில்லை. வெள்ளைக் கோடு விரலில் மாவாக ஒட்டுகிறது, அது பெல்ஸ்பார் என்ற வெளிறிய தாது மக்கிய களிமண். பக்கத்துக் கோடு துரு நிறம், இரும்பு உள்ள கருந்தாது இருந்த இடம். அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நகர்ந்தால் கத்தி வழுக்குகிறது, கல். கல்லுக்குள்ளும் அதே கோடு, அதே சாய்வு. எங்கேயும் முறியவில்லை. மண்ணும் கல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்த இரண்டு பொருள் அல்ல. ஒரே பொருள், பாதி மக்கியது.

அதனால் மண் "அடுக்கு"க்கு ஸ்டெனோ விதி தலைகீழ். மக்கல் மேலிருந்து கீழே இறங்குகிறது. மேலே இருப்பது முதலில் மக்கியது, அடியில் இருப்பது இப்போதுதான் மக்கத் தொடங்கியது. காய்ச்சின பாலில் ஏடு கட்டுகிறது, அதை யாரும் மேலே கொண்டுவந்து ஊற்றவில்லையே.

எஸ்டிமேட்டில் இதற்கு எஸ்.டி.ஆர். என்று பெயர். இளகி உதிர்கிற பாறை. அரசாங்கக் காகிதம் சில சமயம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது.

அக்டோபர் 17

கொடைக்கானல் வாசகர் கேட்டது: தூண் பாறைகள் 400 அடி நெட்டுக்குத்தாக நிற்கின்றனவே, படுத்திருந்த அடுக்கு எழுந்து நின்றுவிட்டதா?

இல்லை. அது அடுக்கும் இல்லை, வரியும் இல்லை. வெடிப்பு. பெரும்பாறையில் செங்குத்தாக வெடிப்பு விழுந்து, அதில் மழை இறங்கி அரித்து, இடையில் இருந்தது போய்த் தூண்கள் மிஞ்சின. கோட்டுக்கு இரண்டு பக்கமும் கல் ஒட்டியிருந்தால் வரி, விட்டுப் போயிருந்தால் வெடிப்பு. கண்ணுக்கு இரண்டும் கோடுதான், கடப்பாரைக்குத் தெரியும் வித்தியாசம்.

அக்டோபர் 18

மேலே சொன்னதை வைத்து என்னையே திருத்திக்கொள்கிறேன். 7ஆம் தேதி, வாசகி சொன்ன கோடுகள் எல்லாமே தாதுக் கோடு என்று அடித்துச் சொல்லிவிட்டேன். இன்று மேட்டுப்பாளையம் போகும்போது வண்டியை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கோடுகள் மலைச்சரிவுக்கு இணையாக, வெங்காயத் தோல் மாதிரி உரிந்து நிற்கின்றன. அது தோல் உரிதல். மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் அரித்துப் போனதும் பாறை விரிந்து, பலகை பலகையாகக் கிளம்புகிறது. தாதுக் கோடு அந்தப் பலகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஏறக்குறைய செங்குத்தாகப் போகிறது. ஒரே பாறையில் இரண்டு கோட்டுக் கூட்டம், இரண்டுமே அடுக்கு இல்லை. பையனுக்கு இதைக் காட்டுங்கள், எல்லாவற்றையும்விட இது நன்றாகப் புரியும். (வண்டியை வளைவில் நிறுத்தாதீர்கள். என்னைத் திட்டினார்கள்.)

எங்களிடம் கல் உடைக்கச் சேலத்திலிருந்து வரும் பெரியவர் இதற்கு ஒரே சொல்தான் வைத்திருக்கிறார்: வாட்டம். ஒரு நாள் நான் உளி வைத்துக் காட்டின இடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்க வெச்சா கல்லு பொடியாகும் கண்ணு. வாட்டம் இப்படிப் போவுது பாரு."

"கோடு இப்படித்தானேங்க போகுது?"

"கோடு கண்ணுக்கு. வாட்டம் கைக்கு."

சுத்தியலால் நாலு தட்டு, காதைக் கொடுத்துக் கேட்டார், உளியை ஒரு சாண் தள்ளி வைத்தார். கல் ரொட்டி மாதிரி பிளந்தது.

அக்டோபர் 21

உண்மையான அடுக்கைப் பார்த்த கதை. மச்சினன் கல்யாணத்துக்குப் பெரம்பலூர் போனபோது, தாலி கட்டின கையோடு நழுவிப் பக்கத்தில் காரை என்ற ஊருக்குப் போனேன். மரமில்லாத களிமண் மேடுகள், வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலடியில் துப்பாக்கித் தோட்டா மாதிரி கூரான கல் கிடந்தது. பெலம்னைட், கணவாய் இனத்துப் பிராணியின் உள் ஓடு. கடல் அந்தப் பக்கம் ஏறி வந்திருந்த காலம், பத்துக் கோடி வருஷக் கணக்கு. அந்தக் கடல் அடுக்குகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று கீழிருந்து மேலாக மூன்று தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அரியலூர் போய்ச் சேரும்போது டைனோசர் காலமே முடிகிறது. பக்கத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் 18 மீட்டருக்குப் படுத்துக் கிடக்கிறது. இங்கே படுகை என்று சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இங்கிலாந்தின் அடுக்குகளை முதன்முதலில் முழுவதுமாக வரைந்து 1815ல் வெளியிட்ட வில்லியம் ஸ்மித்தும் கால்வாய் வேலைக்கு அளவெடுத்த சர்வேயர்தான். பள்ளம் தோண்டுகிற இனம். எந்த அடுக்கில் எந்தச் சிப்பி என்று பார்த்தே அடுக்கைக் கண்டுபிடித்தார். எனக்குச் சிப்பியும் இல்லை, அடுக்கும் இல்லை. வீட்டில் "முகூர்த்தச் சாப்பாட்டுக்கு எங்க போனீங்க?" என்ற கேள்விக்கு இன்றுவரை பதிலும் இல்லை.

அக்டோபர் 22

அதற்குள் யாரோ கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கொடைக்கானல்காரரே கேட்டுவிட்டார். வெந்து உருமாறிய கல் முன்னே அடுக்காக இருந்திருந்தால்?

நியாயமான கேள்வி, என் "படிந்ததா?" சோதனையில் பெரிய ஓட்டை. சேலத்துக் கஞ்சமலையில் காந்தக்கல் பட்டையும் வெள்ளைக்கல் பட்டையும் மாறி மாறி வரும். அது ஒரு காலத்தில் நிஜமாகவே தண்ணீரில் படிந்த இரும்புப் படிவு, பிறகு வெந்தது. உங்கள் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டிப் பக்கம் இருக்கும் சில பாறைகளும் அப்படி. முன் ஜென்மத்தில் சேறு, பிறகு அடியாழத்தில் 900 டிகிரிக்கு மேல் வெந்து சஃபிரின் என்ற அபூர்வத் தாது பிறந்திருக்கிறது. அங்கே "படிந்ததா?" என்றால் ஆமாம். "அடுக்கு மிச்சமிருக்கிறதா?" என்றால் அது வேறு கேள்வி. இட்லியைப் பார்த்து எது அரிசி, எது உளுந்து என்று கை காட்டச் சொல்கிற மாதிரி.

ஆகவே வரி என்பது பார்த்ததைச் சொல்லும் சொல், அடுக்கு என்பது பிறப்பைச் சொல்லும் சொல். பிறப்பு தெரியாதபோது பார்த்ததை மட்டும் சொல்வோம்.

அக்டோபர் 24

பந்தலூர் நண்பருக்கு: பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் வெள்ளைக்கல்லை உங்கள் தாத்தா நரம்பு என்று சொன்னது சரிதான், மாற்ற வேண்டாம். 1880ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூரில் தங்கப் பைத்தியம் பிடித்து லண்டன் கம்பெனிகள் வந்து விழுந்தது அந்த நரம்பை நம்பித்தான். நரம்பு அடுக்கு மாதிரி நெடுகப் போகும் என்று அவர்களும் நம்பியிருப்பார்கள். என் கட்சிக்காரர்கள்.

அக்டோபர் 29

மழை தொடங்கிவிட்டது. "அடுக்கு சரியுமா?" என்று வாசகி கேட்கிறார், வீட்டுக்குப் பின்னால் வெட்டு இருக்கிறதாம்.

இங்கே பெரும்பாலும் சரிவது பாறை அல்ல, பாறைமேல் இருக்கும் மக்கிய மண். தண்ணீர் குடித்துக் கனத்து, அடியில் வழுக்கினால் உருண்டைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கும். இங்கே பெரிய சரிவுகள் நடந்த 1978, 1993, 2009 மூன்றுமே நவம்பர். 1993ல் குன்னூர் ரோட்டில் மரப்பாலத்தில் நடந்த மண்சரிவை நேரில் பார்த்தவர்கள் இன்னும் அந்த வளைவில் பேச்சை நிறுத்துகிறார்கள். ஆனால் வெட்டில் வரியோ வெடிப்போ வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் அது தனி ஆபத்து, பலகை வழுக்குகிற மாதிரி வழுக்கும். மலைக்குள் சாய்ந்திருந்தால் அந்தப் பயம் குறைவு. வெட்டின் மேல்விளிம்பில் புது விரிசல் இருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, ஊற்று கலங்கி வருகிறதா பாருங்கள். இருந்தால் சொல்லாராய்ச்சி வேண்டாம், இன்றிரவே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

அக்டோபர் 30

சாய்வு மலைக்குள்தானாம். பையன் அளவுகோலை நட்டு வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். போட்டோவின் மேல் "வரி" என்று அம்புக்குறி. கீழே "வெடிப்பு" என்று இன்னொன்று.

நவம்பர் 3

புது எஸ்டிமேட் ஒன்றில் கொள்கைப்படி எழுதினேன்: "வரிப்பாறை வெட்டுதல், 14 கன மீட்டர்." காலையில் வீட்டுக்காரர் போன்.

"எல்லாம் சரிங்க, மூணாவது அயிட்டத்துல வரின்னு தனியாப் போட்டிருக்கீங்களே, அது ஜி.எஸ்.டி.க்கு மேலயா, உள்ளயா?"

"கோடு போட்ட பாறை" என்று மாற்றி அனுப்பிவிட்டேன்.